வண்டின் இறக்கையை உடைத்தவள்

படிவத்தின் ஏழாவது கேள்வி: இறக்கை உடலை முழுவதும் மூடுகிறதா?

அருங்காட்சியகத்தின் பொருள்காப்பாளர் லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தார். நேர்மையான மனிதர். ‘இல்லை’ என்று எழுதினார்.

"சார், அது அப்படித்தான் இருக்கும்," என்றாள் பூச்சிப் பிரிவின் உதவியாளர்.

"எப்படி?"

"இந்த வண்டுக்கு இறக்கைமூடி குட்டை. பாதி உடம்பு வெளியதான் தெரியும். இந்தக் குடும்பமே அப்படி."

"கேள்வி குடும்பத்தப் பத்தி இல்லைம்மா. இறக்கையப் பத்தி."

அவர் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மை உலரும்வரை காத்திருந்து போனார்.

அந்தப் படிவம் பறவைப் பிரிவுக்காக அச்சடிக்கப்பட்டது. பூச்சிகளுக்குத் தனிப் படிவம் வேண்டுமென்று அவள் ஆறு ஆண்டுகளுக்கு முன் கடிதம் எழுதியிருந்தாள். கோரிக்கையை உரிய படிவத்தில் அனுப்பும்படி பதில் வந்தது. உரிய படிவம் எதுவென்று கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால் சேதம். சேதம் என்றால் விசாரணை. அருங்காட்சியகத்தின் விதி அது.

வண்டு நான்கு மில்லிமீட்டர் நீளம். கறுப்பு. ரோவ் வண்டு என்று சொல்லப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. மலையுச்சியின் புல்வெளியில், புல் அடியிலிருந்த ஈரச் சருகைச் சலித்து அவள் அதை எடுத்தாள். ஒன்பது நாள் மண்டியிட்டுச் சலித்ததில் பெண் மூன்று, ஆண் ஒன்று. பெண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து இனங்களின் பெண்களும் அப்படியே இருக்கும். ஆணின் முதுகில், மூடி தொடங்கும் இடத்தில், நான்கு சிறு குழிகள் இருந்தன. வேறெந்த வண்டிலும் அந்த நான்கு குழிகள் இல்லை. அவள் பதினாறு ஆண்டு பார்த்ததில் இல்லை. அவளுக்கு முன் நூறு ஆண்டு எழுதப்பட்டவற்றிலும் இல்லை.

புதிய இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு உடல் வேண்டும். பெயர் அந்த ஒரு உடலோடு கட்டப்படும். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அந்த உடலைத்தான் திறந்து பார்ப்பார்கள். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. உடல் எந்த எண்ணில், எந்த நிலையில், எங்கே பாதுகாக்கப்படுகிறது என்ற சான்று மட்டும் பாக்கி. மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். பத்தொன்பது நாள் இருந்தது.

விசாரணைக் குழுவில் இருவர். ஒருவர் அருங்காட்சியகத் தலைவர். மற்றவர் வெளி நிபுணர். விதிப்படி நிபுணர் வெளியிலிருந்து வர வேண்டும். எந்தத் துறையில் நிபுணர் என்பதை விதி சொல்லவில்லை. வந்தவர் ஓய்வுபெற்ற கூரைப் பொறியாளர். பொருள்காப்பாளர் குறிப்பெழுத உட்கார்ந்தார்.

மேசை நீளம். நடுவில் கண்ணாடிமூடி போட்ட சிறு பெட்டி. பெட்டிக்குள் ஊசி, ஊசியில் முக்கோண அட்டை, அட்டையின் நுனியில் அந்த ஆண் வண்டு.

"நான் இங்க பொறுப்பேத்தப்ப வாசக்கதவு ஒரு பக்கம்தான் திறந்திருந்தது," என்று தலைவர் தொடங்கினார். "பாதி. நான் ரெண்டையும் திறக்கச் சொன்னேன். தூசி வந்தது. ரெண்டையும் மூடச் சொன்னேன். இப்ப மூணு வருஷமா மூடியிருக்கு. பார்வையாளர் யாரும் வர்றதில்ல. ஆனா பாதிங்கற பேச்சே கிடையாது. என் காலத்துல இங்க எதுவும் பாதி கிடையாது. புரியுதாம்மா?"

"புரியுது சார்."

"இந்த இனத்துக்கு ஒரு பேரு வைக்கப் போறீங்க."

"ஆமா சார்."

"யார் பேருன்னு நான் கேக்கல."

தலைவர் பெயர்தான் என்பது தலைவருக்கு மட்டும் தெரிந்த செய்தியாக இதுவரை இருந்தது.

"நாளைக்கு உலகம் பூரா அந்தப் பேரச் சொல்லும். சொல்லிட்டு இதப் பாக்கும். பாத்தா இறக்கை பாதியில நிக்குது. அந்தப் பேரப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கூரைப் பொறியாளர் லென்ஸை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாப்பது வருஷம் கூரை போட்டவன் நான்," என்றார். "ரெண்டு கூரை விழுந்துச்சு. கேஸ் போட்டாங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா விழுந்த நிமிஷம் வரைக்கும் ரெண்டும் முழுசா மூடியிருந்துச்சு. இது மூடல. அடியில மூணுல ரெண்டு பங்கு மழையில நனையும். இதக் கட்டினவன் பாதியில போயிட்டான், இல்ல யாரோ பிரிச்சிருக்காங்க."

"கட்டல சார். பிறந்ததே அப்படி. மத்த ரோவ் வண்டுக்கு இந்தக் குட்டை மூடிக்கு அடியில பறக்கற இறக்கை மடிஞ்சு இருக்கும். இந்த மலை வண்டுக்கு அது கூட கிடையாது. பறக்காது."

"அதுவும் இல்லையா?" தலைவர் நிமிர்ந்தார். பொருள்காப்பாளர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. உள்இறக்கை ரெண்டு, காணோம்."

பேனா ஓடியது.

அடுத்த அமர்வுக்கு அவள் ஆதாரம் கொண்டுவந்தாள். ஆறு பெட்டி ரோவ் வண்டுகள். நூறு ஆண்டுகளில் பலர் சேர்த்தவை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு, பழுப்பு, நீலம், கறுப்பு. எல்லாவற்றுக்கும் மூடி பாதி உடல்வரைதான்.

தலைவர் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தபடி மேசையைச் சுற்றி வந்தார். பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சரி, விளங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

"இப்ப தெரியுதுங்களா சார்?"

"தெரியுது," என்றார் தலைவர். குரல் தாழ்ந்திருந்தது. "எத்தனை வருஷமா நடக்குது இது?"

பிரிவிலிருந்த ரோவ் வண்டுகளை முழுவதும் எண்ண மூன்று நாளானது. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. முந்தைய உதவியாளர்கள் ஐந்து பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை என்று கோப்பில் பதிவானது. ஐந்தாமவருக்குத் தொண்ணூற்றொரு வயது. அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அந்த வண்டு அப்படித்தான்.’ கூட்டுச் சதிக்கு அது முதல் எழுத்துபூர்வ ஆதாரம் என்றார் தலைவர்.

பதினோரு நாள் இருந்தது.

அவள் கணவர் தையற்காரர். கடை வீட்டின் முன்னறை. காஜா போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"பாதி மூடியிருந்தா உடைஞ்சதுன்னு அர்த்தமா? அப்ப அரைக்கைச் சட்டையெல்லாம் என்ன, கிழிஞ்ச முழுக்கையா?"

அவள் சிரிக்கவில்லை. "இதச் சொல்லலாமா அங்க?"

"சொல்லேன். உங்க தலைவரு என்ன போடுவாரு?"

"அரைக்கைதான்."

"அப்புறம் என்ன? கையக் காட்டிச் சொல்லு."

சொன்னாள். தலைவர் தன் முழங்கையைப் பார்த்தார். பொறியாளரும் தன் முழங்கையைப் பார்த்தார். பொருள்காப்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் முழங்கையைப் பார்த்தார். அமர்வு தள்ளிவைக்கப்பட்டது.

மறுநாள் காலை சுற்றறிக்கை வந்தது. ஊழியர் அனைவரும் முழுக்கைச் சட்டை அணிய வேண்டும். ஏற்கெனவே உள்ள அரைக்கைகளை நீட்டித்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம். அன்று மாலை தையற்கடையில் பதினான்கு சட்டைகள் குவிந்தன. மேலே தலைவருடையது.

"நல்லா உருப்படும்," என்றார் கணவர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். "துணி ஒரே நிறத்துல கிடைக்காது. மூட்டு போட்ட இடம் தெரியும்னு சொல்லிடு."

சுற்றறிக்கைக்குப் பின்னாலேயே ஆணை வந்தது. சேதமான வண்டுகள் அனைத்தும் சீரமைக்கப்படும். பொறுப்பு, பாடம் செய்பவருக்கு.

பாடம் செய்பவர் செத்த விலங்குகளின் தோலில் வைக்கோல் அடைத்து நிற்கவைப்பவர். மாடியில் அவருக்குப் பெரிய அறை. அவள் போனபோது சாண வண்டுகளின் இறக்கைமூடிகளைச் சாயத்தில் ஊறவைத்திருந்தார். பக்கத்தில் ரோவ் வண்டுகளின் முதல் பெட்டி. நாற்பது வண்டுக்கு அந்த மூடிகளை ஒட்டி முடித்திருந்தார். பளபளவென்று இருந்தன.

"நல்லா வந்திருக்கில்ல?" என்றார்.

"அண்ணே, இது தப்புண்ணே."

"தெரியும்மா. முப்பது வருஷம் முன்னாடி கீழ இருக்கற கரடிக்கு நாய்ப்பல் வச்சேன். பல் இல்லாத கரடின்னு புகார் வந்துச்சு. வயசான கரடி, பல்லு கொட்டிப்போச்சுன்னு சொன்னேன். கேக்கல. வச்சேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல. புத்தகத்துல கூட அந்தப் பல்லப் படம் போட்டிருக்காங்க."

"புதுசு ஒண்ணு இருக்கு. அத மட்டும் விட்டுடுங்க."

"அது வெள்ளிக்கிழம பதினொரு மணிக்கு. குழு முன்னாடி செய்யணுமாம். எழுத்துல வந்திருக்கு."

"எங்க ஒட்டுவீங்க?"

அவர் தூரிகையின் பின்முனையால் ஒரு வண்டின் தோளைத் தொட்டுக் காட்டினார். மூடி தொடங்கும் இடம். நான்கு குழிகளும் இருக்கும் இடம்.

"கோந்த அப்புறம் எடுக்க முடியுமா?"

"யானைக் காதுல இருந்து எடுத்திருக்கேன். இதுல எடுத்தா முதுகும் கூட வந்துடும்."

தலைவர் மாடிக்கு வந்து நாற்பதையும் பார்த்ததாகவும், "இப்பத்தான் வண்டு மாதிரி இருக்கு" என்று சொன்னதாகவும் பாடம் செய்பவர் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. கேட்டாள் என்பதற்காகச் சொன்னார்.

வியாழக்கிழமை பொருள்காப்பாளர் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். முழுக்கைச் சட்டையில் அவருக்கு வியர்த்திருந்தது. மூட்டு போட்ட இடம் தெரிந்தது.

"அம்மா, நான் கண்ணுல பட்டதத்தான் எழுதினேன். எழுதினதுல தப்பில்ல."

"தப்பில்ல சார்."

"ஆனா நாப்பதையும் பாத்தேன். ஏழாவது கேள்விக்கு இப்ப ‘ஆம்’னு எழுதணும். எழுதினேன். ராத்திரி சாப்பாடு இறங்கல." சுற்றிப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தியொண்ணாம் விதி படிச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"யாரும் படிக்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் குற்றத்த ஒத்துக்கிட்டா, சேதமான பொருள் சான்றுப் பொருளாயிடும். முத்திர வச்சு இரும்பு அலமாரிக்குள்ள போயிடும். விசாரண முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தலைவர் கூட."

"விசாரண எப்ப முடியும்?"

"எனக்குத் தெரிஞ்சு இங்க எதுவும் முடிஞ்சதில்ல."

ஆய்விதழ் கேட்ட சான்று அவளுக்கு நினைவு வந்தது. "எண் போட்டு ரசீது தருவீங்களா?"

"எண், தேதி, இடம், நிலை. எல்லாம் போட்டுத்தான் தருவேன். அதுதானே என் வேலை."

மாலை கணவரிடம் சொன்னாள். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வேலை போயிடுமா?"

"போகாது. விசாரண முடிஞ்சாத்தான் போகும். பூச்சிப் பிரிவுக்குள்ள விட மாட்டாங்க."

"பதினாறு வருஷம் ஒரு வண்டு மீசைய உடைக்காம பாத்தவ நீ. உடைச்சேன்னு கோப்புல நிக்கும். நாளைக்கு எவனாவது படிப்பான்."

"படிப்பான்."

"பரவாயில்லையா?"

"நாலு குழி இருக்குங்க அதுல. மூடிட்டா அப்படி ஒரு வண்டே இல்ல."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சொல்லும்போது தடுமாறாத. உனக்குப் பொய் வராது. முகத்துல தெரியும்."

வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. மாத முடிவுக்கு ஐந்து நாள். மேசையில் விளக்கு. பாடம் செய்பவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடிமூடியை எடுத்தார். ஊசியைப் பிடித்து வண்டை வெளியே எடுத்து ஒரு தக்கையில் குத்தினார். சாண வண்டின் மூடி இரண்டு, சின்னத் தட்டில், வெட்டித் தயாராக இருந்தன. கோந்துப் புட்டியைத் திறந்தார். வாசனை வந்தது.

"என்னோட பணிக்காலத்துல இது முக்கியமான நாள்," என்றார் தலைவர். "இயற்கை செய்யாம விட்டத ஒரு நிறுவனம் செய்து முடிக்குது. அதுக்குத்தான் நிறுவனம். தொடங்குங்க."

தூரிகை கோந்தில் இறங்கி எழுந்தது. நுனியில் ஒரு துளி. பாடம் செய்பவர் மூச்சைப் பிடித்தார். துளி வண்டின் தோளுக்கு மேலே வந்தது.

"நான்தான் உடைச்சேன்," என்றாள்.

துளி நின்றது.

"என்னது?"

"இறக்கைய. நான்தான் சார் உடைச்சேன்."

பொருள்காப்பாளர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? எத்தனை நாள் தூக்கம் கெட்டது தெரியுமா? ஒருவேளை வண்டே அப்படித்தானோன்னு கூட ஒரு நாள் நினைச்சுட்டேன்."

"எதால உடைச்சீங்க?" என்றார் பொறியாளர்.

"விரலால."

"எந்த விரல்?"

ஆள்காட்டி விரலைக் காட்டினாள். அவர் அதை லென்ஸ் வழியாகப் பார்த்துத் தலையாட்டினார். துளி இன்னும் தூரிகையில் இருந்தது. கனத்து நீண்டது.

"ஒத்துக்கிட்டாச்சு. மன்னிச்சாச்சு. நீங்க ஒட்டுங்க," என்றார் தலைவர்.

"சார்," பொருள்காப்பாளர் எழுந்து நின்றார். "முப்பத்தியொண்ணு."

"என்ன முப்பத்தியொண்ணு?"

அவர் விதியைப் படித்தார். நிதானமாக, ஒரு சொல் விடாமல். தலைவர் விதிப்புத்தகத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பாடம் செய்பவர் அசையவில்லை. துளி அறுந்து விழுந்தது. வண்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, மேசைமேல்.

"அப்ப இது இப்படியேதான் இருக்குமா?"

"தலைவரே தொட்டாலும் சான்ற அழிச்ச குற்றம் சார்."

"என் பேரு?"

தலைவர் எழுந்து ஜன்னலருகே போனார். வாசற்கதவுகள் இரண்டும் மூடியிருப்பதைப் பார்த்தபடி நின்றார். "வேற ஏதாவது பேரு வைங்க," என்றார். "முழுசா ஒரு பூச்சி வரட்டும். அப்ப பாக்கலாம்."

பொருள்காப்பாளர் பட்டியல் எழுதினார். "சான்று ஒண்ணு. வண்டு, கறுப்பு. அதே அட்டையில கோந்துச் சொட்டுக்குள்ள ஒரு துணுக்கு. இது என்னம்மா?"

"அதோட ஆணுறுப்பு சார். அத வெளிய எடுத்துப் பாத்தாத்தான் இனம் தெரியும்."

பேனா நின்றது. தலைவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அத யார் எடுத்தா?"

"நான்தான்."

"அதுவும் குற்றம்தானே?"

"இல்ல சார். அது வேலை."

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் கூரையைப் பார்த்தார். "அத எழுத வேணாம்," என்றார் தலைவர். பொருள்காப்பாளர் நேர்மையான மனிதர். ‘துணுக்கு, ஒன்று’ என்று எழுதினார்.

நூல் சுற்றி அரக்கு உருக்கினார்கள். அரக்கின் சூடு கண்ணாடியைத் தொடாதபடி அவள் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தாள். இரண்டு விரல் சுட்டது. ரசீது கைக்கு வந்தது. எண் ஒன்று, இரும்பு அலமாரி, நிலை: எக்காரணம் கொண்டும் மாற்றப்படாது. ஆய்விதழ் கேட்டதற்கும் மேலாகவே இருந்தது. அன்றே அனுப்பினாள்.

அவளை நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வாசல் மூடியிருந்ததால் அங்கே வேலை இல்லை. விதிப்படி மாதம் ஒருமுறை சான்றுப் பொருள் குற்றவாளியின் முன்னிலையில் திறக்கப்பட்டு, நிலை மாறவில்லை என்று குற்றவாளி பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. முதல் மாதம் ஊசியின் அடியில் பூஞ்சை பிடித்திருந்தது. ஈரத்தூரிகையால் துடைக்க அனுமதி கேட்டாள். குற்றவாளி துடைக்கக் கூடாதென்று விதியில் இல்லாததால் துடைத்தாள்.

மூன்றாவது மாதம் போனபோது குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது; மேசையில் ஆய்விதழ் கிடந்தது. தலைவர் அவள் கட்டுரையைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தது. இனத்துக்கு அவள் அது கிடைத்த மலைப்புல்லின் பெயரை வைத்திருந்தாள். கோடு அதன் கீழ் அல்ல.

"படிங்க."

"‘இறக்கைமூடி குட்டையானது. உடலின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடும். உள்இறக்கை இல்லை.’"

"உடைஞ்சதுன்னு எங்கயும் காணோமே."

பொருள்காப்பாளர் பேனாவை எடுக்கவில்லை. பெட்டி மேசையில் திறந்திருந்தது. அவள் முன்னால் முத்திரை உடைக்கப்பட்டு, அரக்குத் துண்டுகள் பக்கத்தில். அடுத்த அறையில் பாடம் செய்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. கோந்து வாசனை வந்தது.

"இதுல எழுதினது உண்மையா, நீங்க ஒத்துக்கிட்டது உண்மையா? கட்டுரை உண்மைன்னா நீங்க உடைக்கல. உடைக்கலேன்னா குற்றம் இல்ல. சான்றும் இல்ல. நாம விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். நீங்க உடைச்சது உண்மைன்னா கட்டுரை பொய். ஆய்விதழுக்கு இன்னைக்கே எழுதுறேன்."

அவள் வண்டைப் பார்த்தாள். விளக்கின் ஒளி அதன் முதுகில் இருந்தது. லென்ஸ் இல்லாமல் குழிகள் தெரியாது. எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டும் உண்மை சார்," என்றாள்.

"எப்படி?"

"உடைக்கறதுக்கு முன்னாடியே குட்டையாத்தான் இருந்தது. அத அளந்து எழுதிட்டேன். அதுக்கப்புறம் உடைச்சேன்."

தலைவர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

பொறியாளர் கண்களை மூடிக் கணக்குப் போட்டார். அடுத்த அறையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"நடக்கும்," என்றார் கடைசியில். "எங்க கூரையிலயும் அப்படித்தான் ஒரு தடவ. இடிஞ்ச அப்புறமும் அளவு மாறல."

"ஏற்கப்பட்டதுன்னு எழுதுங்க," என்றார் தலைவர்.

பேனா ஓடியது.

அவள் லென்ஸை எடுத்துக் குனிந்தாள். நான்கு.

"நிலை?" என்றார் பொருள்காப்பாளர்.

"மாறல."

"உடைஞ்சபடியேதானே இருக்கு?"

"ஆமா. உடைஞ்சபடியேதான் இருக்கு," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வைத்த அரக்கு காயும்வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.